முப்பது வரை எண்ணியவள்

பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. இரண்டு கையாலும் ஒரு விரற்கடை தூக்குவாள், கீழே வைப்பாள். "இருபத்தொண்ணரை" என்பாள். சீட்டில் பதினெட்டு கிலோ என்று போட்டிருக்கும். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் இருபத்தொண்ணரையைத் தொட்டுக்கொண்டு முள் நிற்கும். அதனால்தான் அந்தப் பழக் கிடங்கில் அவளுக்குத் தராசு என்று பெயர். சின்னவர்களுக்குத் தராசக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

வயது நாற்பத்தாறு. பதிமூன்று வருடமாக லாரியிலிருந்து பழப் பெட்டி இறக்கி, குளிர் அறைக்குள் அடுக்குகிற வேலை. கைக்குத் தெரியாத ரகசியம் ஒரு பெட்டியிலும் கிடையாது. அடியில் அழுகல் இருந்தால் தூக்கும்போதே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கை ஒரு நாள் எல்லாம் தெரிந்தும் தெரியாதது மாதிரி நடந்துகொண்டது. அதற்குக் காரணமானவர்களை நினைத்தால் எனக்கே இன்றும் வயிறு எரிகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை. கணவனின் தங்கை, ஏழு வயது இளையவள், ஒன்பதாவது படிக்கிற மகளோடு இவர்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். மூன்று இடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றையும் விட்டுவிட்டு வந்தவள். இங்கே மட்டும் ஆறு வருடமாக வேர் பிடித்துவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே வேலை என்றால் முடியைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பார்களா என்று கேட்பீர்கள். பிடித்துக்கொள்வார்கள். குழாயை யார் சரியாக மூடவில்லை, ஜன்னலை யார் திறந்து போட்டது என்று பஸ் ஏறும்வரை ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஆனால் கிடங்குக்குள் வந்துவிட்டால் ஒரே தள்ளுவண்டிக்கு இருவரும்தான் ஜோடி. வேறு யாரையும் சேர்க்க மாட்டார்கள்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பம். போர்வையிலிருந்து எழுந்து, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்த உடம்பு. குளிர் அறையிலோ நாலு டிகிரி. அதனால் முதல் பத்து நிமிடம் யாரும் கனமான பெட்டியைத் தொட மாட்டார்கள். முந்தின நாள் காலியான டிரேக்களை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். அங்கே அடுக்கிவிட்டுத் திரும்புவார்கள், மறுபடி நடப்பார்கள். வெறும் சுத்து என்று அதற்குப் பெயர். கையை வீசி நடக்கிறவர்கள் உண்டு, முட்டியைத் தூக்கித் தூக்கி நடக்கிறவர்கள் உண்டு. ஊர்க்கதை முழுவதும் அப்போதுதான் நடக்கும். காது சூடாகி, ஸ்வெட்டரைக் கழற்றி எறிகிறவரைக்கும் சுற்று. அப்புறம்தான் கனம். மத்தியானம் வேலை முடிந்ததும், வியர்வை அடங்குவதற்கு முன்னால், சுவரோரத் திட்டில் ஒவ்வொருவராகக் குதிகாலை வைத்து, காலை நிதானமாக நீட்டி இழுத்துவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. உடம்பு கேட்டது, கொடுத்தார்கள். பதிமூன்று வருடத்தில் தசை பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இது பொறுக்குமா? புதிதாக ஒரு மேலாளர் வந்தார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும், அதனால் பெயரும் விசில்தான். முப்பத்திரண்டு வயசு. ஆளைப் பார்த்தால் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் முதல் நாளே தெரிந்துபோகும்.

வந்த மூன்றாம் நாள் அவர் மாடி ஜன்னலிலிருந்து வெறும் சுத்தைப் பார்த்தார். கீழே இறங்கி வந்தார்.

"காலி டிரேய ஆளுக்கு ஒண்ணா தூக்கிட்டுப் போறீங்களே, ஒரு வண்டியில அடுக்கி ஒரே ஆள் தள்ளிட்டுப் போனா ரெண்டு நிமிஷ வேலை. பதினெட்டு பேரும் பத்து நிமிஷம் சும்மா நடந்துட்டு இருக்கீங்க."

"சும்மா நடக்கல சார்" என்றாள் தராசு. "உடம்பு சூடாகுது."

"அதுக்குத்தான் உடற்பயிற்சி வரப்போகுது" என்றார் விசில். ஏதோ பரிசு கொண்டு வந்தவர் மாதிரி சிரித்தார்.

மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பளபளவென்று ஒரு படம் வந்து குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஏறியது. அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சிரித்த முகத்தோடு ஒரு மனிதன், காலை இழுக்கிறான், கையை இழுக்கிறான், இடுப்பை மடக்குகிறான். அவன் வாழ்நாளில் ஒரு பெட்டியைத் தூக்கியிருப்பானா என்று அவன் முழங்காலைப் பார்த்தாலே தெரிந்தது. ஆறு மணிக்கு விசில் ஊதும். வந்தது வந்தபடி, குளிரக் குளிர நின்று எல்லோரும் இழுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முப்பது வரை எண்ணிக்கை. முடிந்தவுடன் நேராகக் கனமான பெட்டி. வெறும் சுத்து ரத்து. பதினெட்டு பேரின் உடம்பு பதிமூன்று வருடமாகப் படித்த பாடத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

தராசு மாடிக்குப் போய்க் கேட்டாள். "சார், பயிற்சி வேணாம்னு சொல்லல. முதல்ல சுத்து, அப்புறம் இழுக்கிறோம். இல்லைன்னா வேலை முடிஞ்ச பிறகு இழுக்கிறோம். சில்லுனு இருக்கிற உடம்ப எடுத்த எடுப்புல இழுக்கக் கூடாது."

"அக்கா, இதெல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க போட்டது. வேலைக்கு முன்னாடி இழுத்தாத்தானே வேலையில அடிபடாது? யோசிச்சுப் பாருங்க" என்றார் விசில். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பட்டையை எடுத்தார். "எல்லாரும் நீங்க சொன்னா கேக்குறாங்க. நீங்கதான் பயிற்சித் தலைவி."

இங்கேதான் அவள் சறுக்கினாள். பட்டையைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். போடவில்லை. பதிமூன்று வருடத்தில் அந்தக் கட்டடம் அவளுக்கு வேலையைத் தவிர வேறு எதையும் கொடுத்ததில்லை. அவளைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தலைவி என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டையைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது. பிற்பாடு அதை நினைத்து நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

"என்ன அண்ணி, போலீஸ் ஆயிட்டீங்களா?" என்று சிரித்தாள் நாத்தனார்.

"வாயை மூடிட்டு வரிசையில நில்லு" என்றாள் தராசு. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

படத்தில் ஏழாம் கட்டம்தான் எமன். முழங்காலை மடக்காமல் குனிந்து விரலால் தரையைத் தொட வேண்டும். தொட முடியாதவர்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் முதுகை அமுக்கிவிட வேண்டும். இரண்டு வாரம் ஏழாம் கட்டம் வரும்போதெல்லாம் தராசு ஒப்புக்குக் கையை வைத்து எடுத்துவிடுவாள். எண்ணிக்கையையும் பத்திலிருந்து இருபதுக்குத் தாவவிடுவாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் மூச்சு விடவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை விசில் கேமராவோடு வந்து முன்னால் நின்றார். தலைமை அலுவலகத்துக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். ஏழாம் கட்டம் வந்தது. மற்ற பதினாறு பேரும் எப்படியோ தரையைத் தொட்டுவிட்டார்கள். பாதிப் பேர் முட்டியை மடக்கித் திருட்டுத்தனமாகத் தொட்டார்கள். நாத்தனாருக்கு மட்டும் நாலு விரற்கடை குறைந்தது.

"கடைசி வரிசை, இடது பக்கம், தரையத் தொடல" என்றார் விசில். "தலைவி, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. எண்ணிக்கைய முழுசா எண்ணுங்க."

தராசு போய் நாத்தனாரின் முதுகில் இரண்டு கையையும் வைத்தாள். வைத்தவுடனே கைக்குத் தெரிந்துவிட்டது. ஸ்வெட்டருக்குள்ளே முதுகு விறைத்துக் கிடந்தது. குளிர் அறையிலிருந்து எடுத்த பெட்டி போல இருந்தது.

"அண்ணி, பின் தொடை இழுக்குது" என்றாள் நாத்தனார் குனிந்தபடியே.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. படம் எடுத்துட்டுப் போயிடுவாரு." தராசு அமுக்கினாள். எண்ணினாள். பத்து. பதினைந்து. "இன்னும் ரெண்டு விரல்" என்றார் விசில். தராசு இன்னும் கொஞ்சம் எடையைக் கொடுத்தாள். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டில் நாத்தனாரின் தொடைக்குள் ஏதோ பட்டென்று விட்டது. வெளியே சத்தம் கேட்கவில்லை. முதுகு வழியாகத் தராசின் கைக்கு அது வந்து சேர்ந்தது. நாத்தனார் கத்தக்கூட இல்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, தரையைக் கையால் தட்டினாள்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, தசை கிழிந்திருக்கிறது என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண், நாத்தனாரின் காலை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"குனியறதுக்கு முன்னாடி என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

"பஸ்ஸுல உக்காந்து வந்தோம்."

"நடக்கிறது, கை காலை அசைக்கிறது, ஒண்ணும் இல்லையா?"

"அதை நிறுத்திட்டாங்க" என்றாள் தராசு.

பிசியோதெரபிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் நிறுத்தினாங்க? அதுதானே முதல்ல வேணும்! அஞ்சு பத்து நிமிஷம் நடந்து, லேசான வேலை செஞ்சு, உடம்பு சூடான பிறகு கை கால வீசினாப் போதும். இப்படி ஒரே இடத்துல புடிச்சு இழுக்கிறதெல்லாம் வேலை முடிஞ்சு, சூடு ஆறறதுக்குள்ள செய்யறது. அதுவும் அவங்கவங்களுக்கு முடிஞ்ச அளவுக்குத்தான், இன்னொருத்தர் தள்ளிவிடக் கூடாது." பேனாவை எடுத்தாள். "யாராவது அமுக்கினாங்களா?"

தராசு வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் சொல்லிவிட்டாள்: "இல்ல மேடம். நானேதான் அவசரப்பட்டுக் குனிஞ்சேன்."

அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள். ஏழு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றும் எழுதினாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் தராசு வெடித்தாள். "எதுக்குடி பொய் சொன்ன?"

"பின்ன, எங்க அண்ணி அமுக்கிக் கிழிச்சுட்டாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா? அண்ணன் காதுக்குப் போச்சுன்னா வீடு வீடாவா இருக்கும்? உங்க வேலைக்கும் வேட்டு."

"என்னைக் காப்பாத்துன்னு உன்கிட்ட யாரு கேட்டா?"

"கேட்டாத்தான் செய்யணுமா?" என்றாள் நாத்தனார். காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தராசு எழுந்து ஆட்டோ பிடிக்கப் போனாள்.

புதன்கிழமை விசில் அவளை மாடிக்குக் கூப்பிட்டார். மேசைமேல் விபத்து அறிக்கை. எல்லாம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில்: ஊழியர் பயிற்சியை முறையாகச் செய்யாமல் தன் கவனக்குறைவால் காயப்படுத்திக்கொண்டார். கீழே, சாட்சி: பயிற்சித் தலைவி.

"ஆஸ்பத்திரிச் சீட்டுல அவங்களே சொல்லியிருக்காங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார்.

"போட்டா அவளுக்கு என்ன ஆகும்?"

விசில் கண்ணாடித் தம்ளரைத் துடைத்தார். "சொந்தக் கவனக்குறைவுன்னா சிகிச்சை லீவு கிடையாது. ரெண்டு வாரத்துக்கு மேல வரலன்னா பேர எடுத்துடுவாங்க. அது நான் போட்ட விதி இல்லக்கா."

ஏழு வாரம் கனம் தூக்கக் கூடாதவள் இரண்டு வாரத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஆறு வருடம் வேர் பிடித்த இடத்திலிருந்து பிடுங்கி எறிவார்கள். காலையும் கிழித்துவிட்டு, கிழிந்ததற்குக் கிழிந்தவளே பொறுப்பு என்று எழுதிவைத்து, அதற்கு அவள் அண்ணியையே சாட்சிக்கு இழுக்கிற சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! அதைச் செய்கிறவர் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத் தரேன்" என்று தராசு அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கணவன் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். பூட்டு ரிப்பேர் செய்கிறவர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உங்க தங்கச்சி தானா அவசரப்பட்டுக் குனியல. நான்தான் அமுக்கினேன்."

அவர் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "வலிக்குதுன்னு அவ சொன்னாளா?"

"சொன்னா."

"அப்புறமும் அமுக்கினியா?"

"அமுக்கினேன்."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து, "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை விசில் சத்தம் கேட்டு எல்லோரும் வரிசையில் நின்றபோது அவள் முன்னால் போய் நிற்கவில்லை. காலி டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அறிக்கையை வைத்து, காரணம் என்ற இடத்தை இரண்டு கோட்டால் அடித்தாள். அதற்குக் கீழே தன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் எழுதினாள். எழுதியதை எழுந்து நின்று உரக்கப் படித்தாள்:

"உடம்பு சூடாகும் முன்னால் இழுக்கக் கூடாது என்று மேலாளரிடம் முன்பே சொன்னேன். அவர் வெறும் சுத்தை நிறுத்தினார். ஏழாம் படத்தில் உள்ளபடி முதுகை அமுக்கியது நான். தரையைத் தொட வைக்கச் சொன்னது அவர். வலிக்கிறது என்று அவள் சொன்னாள். முதுகு விறைத்திருந்தது என் கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் அமுக்கினேன். முப்பது வரை எண்ண வேண்டும், இருபத்திரண்டில் கிழிந்தது. அவள்மேல் தப்பு இல்லை."

பிறகு குனிந்து அடியில் கையெழுத்துப் போட்டாள்.

"இதை அனுப்பினா உங்க மேலதான் வரும்" என்றார் விசில். குரல் இறங்கியிருந்தது.

"வரட்டும். நான் செஞ்சது என் மேல வராம வேற யார் மேல வரும்?" தராசின் குரல் ஏறியது. "உங்க மேல வர்றதும் வரட்டும் சார். ஒரு வார்த்தை கேக்குறேன். அவ கால் கிழிஞ்சப்ப நீங்க எடுத்த படம் நல்லா வந்துச்சா?"

விசில், வேறு அறிக்கை தட்டச்சு செய்துகொள்கிறேன் என்று முணுமுணுத்தார். அதற்குள் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வந்து பேனாவைக் கேட்டார். அவள் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார். அடுத்து ஒருத்தி. இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்கள். பதினாறு பெயர். அவர்களில் எழுதத் தெரியாத ஒருவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். தராசு கைப்பட்டையைக் கழற்றி அறிக்கையோடு சேர்த்து விசிலின் கையில் கொடுத்தாள். அத்தனை பெயர் உள்ள காகிதத்தைக் கிழித்துப்போட அவருக்குத் துணிவு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. நாத்தனாருக்குச் சிகிச்சை லீவு உண்டு. தராசுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, இனி எந்தப் பொறுப்பும் தரக் கூடாது. ஏழாம் படம் மறு அறிவிப்பு வரை நிறுத்திவைக்கப்படுகிறது. பணிக்கு முன் தகுந்த உடல் அசைவுகளை மேற்கொள்ளலாம். அவ்வளவுதான். வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தையை அந்தக் காகிதத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. படம் போட்டவனுக்கு எச்சரிக்கை போனதா, சுற்றை நிறுத்தியவருக்குப் போனதா? யாருக்கும் தெரியாது. மூட்டை சுமக்கிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை உடனே வந்து சேரும்.

எட்டாவது வாரம் நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். வெறும் சுத்து பழையபடி நடந்துகொண்டிருந்தது. அவள் ஒரு காலி டிரேயை எடுத்து, கொஞ்சம் நொண்டலோடு அண்ணிக்குப் பக்கத்தில் நடந்தாள். அந்தக் கோடியில் போய் அதை நீட்டி, "தராசக்கா, இது எவ்வளவு எடை?" என்று கேட்டாள். தராசு முறைத்தாள். இத்தனை வாரமும் வேளாவேளைக்கு மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறாள், காலுக்குத் துணி கட்டியிருக்கிறாள், ஆனால் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. பேசினால் அழுகை வரும், அழுதால் தன்மேல் இருக்கிற கோபம் போய்விடும் என்று பயம்.

மத்தியானம் வேலை முடிந்தது. வியர்வையோடு எல்லோரும் சுவரோரத் திட்டுக்கு வந்தார்கள். நாத்தனார் குதிகாலைத் திட்டில் வைத்து, முழங்காலை இலேசாகத் தளர்த்தி, மெதுவாகக் குனிந்தாள்.

"அண்ணி, வந்து முதுகுல கை வைங்க."

"மாட்டேன்" என்றாள் தராசு. "இந்தக் கை இனி யார் முதுகுக்கும் வராது."

"அமுக்கவா சொன்னேன்? வைங்கன்னுதான் சொன்னேன்."

தராசு அசையவில்லை. நாத்தனாரும் நிமிரவில்லை. "சீக்கிரம் வைங்க, பஸ் போயிடும்" என்று குனிந்தபடியே அதட்டினாள். தராசு கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்தாள். பிறகு கொஞ்சமும் எடை கொடுக்காமல் அந்த முதுகில் வைத்தாள்.

சூடாக இருந்தது.